மொழி அறியாத நெறியாளரும் நெடுந்தீவின் வாடையும்

தமிழ்த் திரையின் தொடக்க காலத்தைப் பேசுவோர் ஓர் அமெரிக்கரைத் தவிர்த்துவிட முடியாது. அவர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். ஹாலிவுட்டின் அயலிலுள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றவர். உடன் படித்த மாணிக்லால் தாண்டனின் அழைப்பை ஏற்று 1935இல் இந்தியா வந்து, ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்.

1936இல் வெளியான 'சதிலீலாவதி'யே அவர் நெறிப்படுத்திய முதற் தமிழ்ப்படம். அதில் அறிமுகமான எம். ஜி. இராமச்சந்திரன் இலங்கையில் பிறந்தவர். கதையும் இலங்கைக்கு வருகிறது. எஸ். எஸ். வாசன் எழுதிய அக்கதையில், குடியால் நிலைகெட்ட நாயகன் இங்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தொடர்ந்து 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945), 'பொன்முடி' (1950) என்பன வந்தன. 'மந்திரி குமாரி'யில் (1950) டி. ஆர். சுந்தரத்தின் பங்கும் உண்டு. அவ்வாண்டிலேயே டங்கன் தாயகம் திரும்பினார், 2001இல் காலமானார்.

மேடை நாடகத்தை நேரே நின்று பிடித்த கமெராவை அவர் நகர வைத்தார். முகத்தின் அருகே கொண்டு சென்றார். ஆனால் தமிழ் அவருக்குத் தெரியாது. வசனத்துக்கு உதவியாளர்களையே நம்பினார். கண் அவருடையது, காது பிறருடையது. தொழில்நுட்பம் கடல் கடந்து வரலாம். ஒரு மண்ணின் பேச்சு அப்படி வந்துவிடாது.

இதனை யாழ்ப்பாணத்துத் தீவகம் நன்கு உணர்த்துகிறது. சதிலீலாவதியின் இலங்கை தேயிலைத் தோட்டத்து இலங்கை. நெடுந்தீவின் கடற்கரையும் வாடைக்காலத்தில் அங்கு வந்து வாடியடிக்கும் மீனவரும் கதையாவதற்குச் செங்கை ஆழியான் 'வாடைக்காற்று' நாவலை எழுத வேண்டியிருந்தது. பிரேம்நாத் மொறாயஸின் நெறியாள்கையில் 1978இல் அது படமானது. முதலில் எழுத்து, அதன் பின்னரே திரை.

இவ்வொழுங்கு நமக்கும் பொருந்தும். நயினாதீவில் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே கடற்காற்றில் நிற்கின்றன. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தவை சில மணித்தியாலங்களே. உடைமைகளை விட்டுச் சென்றவர்கள் தமிழை விட்டுச் செல்லவில்லை. அம்மக்களின் வாழ்வைப் படமாக்க நாளை எந்தத் தேசத்துக் கலைஞனும் வரலாம், அவனை வரவேற்போம். ஆனால் அவன் கையிற் கொடுக்க நம் பேச்சில் எழுதிய கதை நம்மிடம் இருக்க வேண்டும். உம்மாவின் தமிழை உதவியாளரிடம் கேட்டு எழுத முடியாது.