மாத்தளைப் புகையிரதமும் ஓடும் படமும்



2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாட்காலை, கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புறப்படும் புகையிரதத்தில் நானும் என் மனைவியாரும் ஏறி அமர்ந்தோம். எங்கள் பாடசாலையின் வரலாற்று மன்றத்துப் பிள்ளைகள் புகையிரதப் பாதையைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்த எண்ணியிருந்தனர். அதற்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். அதிபர் பதவியில் இருப்பவர் இத்தகைய வேலைக்குப் பிள்ளைகளை ஓடும் வண்டியின் வாயிலில் நிறுத்த முடியுமா? ஆகவே அப்பணியை நானே ஏற்றேன். பழைய மாணவர் ஒருவர் என் கைத்தொலைபேசியைச் சன்னல் விளிம்பில் இறுகப் பொருத்தி, இரண்டு வினாடிக்கு ஒரு படம் வீதம் அது தானே எடுத்துக்கொள்ளும்படி ஒழுங்கு செய்து தந்தார். இளைஞர் இதனை டைம் லாப்ஸ் என்கின்றனர். இடைவிட்டு எடுத்து, இடைவிடாது ஓட்டிக் காட்டும் படம் என்று நாம் சொல்லலாம்.

கணக்கு எளியது. வண்டி ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. அதாவது 4500 வினாடி. இரண்டு வினாடிக்கு ஒன்றாக 2250 படங்கள் சேர்ந்தன. அவற்றை வினாடிக்கு 25 வீதம் ஓட்டினால் முழுப் பயணமும் 90 வினாடியில் முடிந்துவிடும். கருவியைக் காப்பது என் வேலை. மனைவியார் தம் வேலையைத் தாமே தெரிந்துகொண்டார். ஒரு கொப்பியையும் கைக்கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே கண்டவற்றை நேரமிட்டு எழுதிவரத் தொடங்கினார். “கமரா இருக்கும்போது இது எதற்கு?” என்று கேட்டேன். “இருக்கட்டும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்” என்றார்.

ஓடும் வாகனத்தில் இருந்துகொண்டு படம் பிடிக்கும் ஆசை சலனப் படத்துக்கு ஏறக்குறைய ஒத்த வயதுடையது. பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர் தம் கருவியை உலகறியச் செய்த மறு ஆண்டே, 1896 இல், அவர்களுடைய படப்பிடிப்பாளர் அலெக்சாந்தர் புரோமியோ என்பவர் வெனிஸ் நகரத்துப் பெருங்கால்வாயில் கருவியைப் படகில் ஏற்றிச் சென்று இருகரை மாளிகைகளும் நகர்வதாகப் பிடித்தார். அதுவரை கருவி ஓரிடத்தில் நிற்க உலகம் அசைந்தது. இப்போது கருவி அசைந்தது. 1897 இல் யெரூசலேம் புகையிரத நிலையத்தை விட்டு வண்டி நீங்கும்போது அதன் பின்புறத்திலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு. மேடையில் நிற்கும் பலவகை மக்கள் மெல்ல மெல்லப் பின்தங்கிச் சிறுத்துப் போகின்றனர். ஒரு நிமிடமும் நீளாத அப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விடைபெறுதல் என்பதை அதைக் காட்டிலும் சுருக்கமாகக் காட்டிய படம் வேறொன்றை நான் அறியேன்.

பின்னர்ப் புகையிரத இயந்திரத்தின் முகப்பிலேயே கருவியைக் கட்டி ஓட்டினர். வண்டி கண்ணுக்குத் தெரியாது. பாதை மட்டும் பார்ப்போரை நோக்கி ஓடிவரும். ஏதோ ஆவி இழுத்துச் செல்வது போலிருந்ததால் ஆங்கிலேயர் இதனைப் பேய்ச் சவாரி என்று அழைத்தனர். சில காலத்தில் மக்களுக்கு அதுவும் சலித்தது. 1899 இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் அல்பேர்ட் சிமித் என்பவர், தம் மனைவி லோரா பெய்லியுடன் தாமே நடித்து, வண்டி சுரங்கப்பாதைக்குள் செல்லும் இருட்டில் கணவனும் மனைவியும் முத்தமிட்டுக்கொள்ளும் சிறு படம் ஒன்றைத் தயாரித்தார். வேறொருவர் பிடித்த சுரங்கப்பாதைப் படத்தை வெட்டி, அதன் நடுவே இதை ஒட்டிக் காட்டலாம் என்பது ஏற்பாடு. வெளியே எடுத்ததும் உள்ளே நடித்ததும் ஒரே பயணமாகத் தோன்றிற்று. படத்தொகுப்பு என்னும் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக இதனை இன்று எண்ணுவர். கண்டியை விட்டதும் மகியாவைச் சுரங்கப்பாதை வருகிறது. எங்கள் படத்தில் அவ்விடத்தில் முழு இருளே இருக்கிறது. கொப்பியில் “சுரங்கம், பிள்ளைகள் கூக்குரலிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறது. சிமித் தம்பதியரின் வழியை நாங்கள் பின்பற்றவில்லை என்பதை நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவ்வகைப் படங்களுள் வரலாறு படிப்போர் தவறாது காண வேண்டியது சான் பிரான்சிஸ்கோ நகரின் மார்க்கட் வீதிப் படம். மைல்ஸ் சகோதரர் என்போர் வீதியில் ஓடும் கேபிள் வண்டியின் முன்னே கருவியை வைத்து, துறைமுகக் கட்டடம் வரையில் வீதி முழுவதையும் பிடித்தனர். குதிரை வண்டிகள், மோட்டார்கள், செய்தித்தாள் விற்கும் சிறுவர், குறுக்கே ஓடும் மனிதர் எல்லாம் அதில் இருக்கின்றன. நெடுங்காலமாக இது 1905 இல் எடுத்தது என்றே நம்பினர். டேவிட் கீன் என்னும் ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. வீதியில் நீர் தேங்கியிருப்பதைக் கண்டு மழை பெய்த நாட்களை அக்காலச் செய்தித்தாள்களில் தேடினார். நிழல்களின் சாய்வைக் கொண்டு பருவத்தைக் கணித்தார். மோட்டார் ஒன்றின் இலக்கத் தகட்டைப் படித்து அது பதிவான காலத்தைப் பார்த்தார். முடிவில், 1906 ஏப்ரல் 18 ஆம் நாள் அந்நகரைத் தரைமட்டமாக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குச் சில நாட்களே முன்பாக அப்படம் எடுக்கப்பட்டது என்று நிலைநாட்டினார். அதில் நடமாடுவோருள் எவருக்கும் அது தெரியாது. படத்தை எடுத்தவருக்கும் தெரியாது. எவரும் குறிவைத்து எடுக்காத சேற்றுநீர்க் குட்டையே நூறாண்டு கழித்துச் சாட்சி சொல்லிற்று.

ஆயினும் இன்னொன்றையும் மாணவர்க்குச் சொல்லுவேன். அப்படத்தில் சில மோட்டார்கள் கருவியைச் சுற்றிச் சுற்றி மறுபடியும் முன்னே வருகின்றன. வீதி சுறுசுறுப்பாகத் தோன்ற வேண்டும் என்று செய்த வேலை அது என்பதில் ஐயமில்லை. கண்ணால் கண்டதும் பொய் என்னும் பழமொழியை நம் பாட்டிமார் வெறுமனே சொல்லி வைக்கவில்லை.

நேரத்தைச் சுருக்கிக் காட்டும் வித்தையும் பழையதே. 1901 இல் நியூயோர்க் நகரின் ஸ்டார் நாடக மண்டபத்தை இடித்தபோது, எதிர்க் கட்டடத்தில் கருவியை வைத்து நான்கு நிமிடத்துக்கு ஒரு படமாகப் பல நாட்கள் எடுத்தனர். திரையில் அம்மண்டபம் சர்க்கரைக் கட்டி கரைவது போலக் கரைந்துவிடுகிறது. இவ்விரு வித்தைகளையும், அதாவது வண்டியின் ஓட்டத்தையும் காலத்தின் சுருக்கத்தையும், ஒன்றாகப் பிணைத்துப் புகழ் பெற்றது பி.பி.சி. 1953 இல் ஒளிபரப்பிய படம். இலண்டனிலிருந்து பிரைட்டன் செல்லும் விரைவு வண்டியின் முன்னே கருவியை அமர்த்தி, வினாடிக்கு 2 படம் வீதம் எடுத்தனர். 51 மைல் பயணம் 4 நிமிடத்தில் முடிந்தது. அப்படியானால் வேகம் மணிக்கு 765 மைல்! நிகழ்ச்சிகளுக்கு இடையிலான வெற்று நேரத்தை நிரப்பவே அது பயன்பட்டது. ஆனால் அதே பயணத்தை 1983 இலும் 2013 இலும் மீண்டும் எடுத்து, மூன்றையும் அருகருகே ஓட்டிக் காட்டியபோது, இடைவேளைக்கு என்று செய்த பொருள் ஆவணமாயிற்று. எந்த மரம் போயிற்று, எந்தப் பாலம் மாறிற்று என்று இப்போது எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1934 இல் பேசில் ரைட் என்னும் ஆங்கிலேய இளைஞர், ஜோன் டெய்லர் என்னும் உதவியாளர் ஒருவரோடு இலங்கைக்கு வந்து, தேயிலைப் பிரசாரத்துக்காக ஒரு படம் எடுத்தார். ‘சோங் ஒவ் சிலோன்’ என்று பெயர். அதற்குக் குரல் கொடுத்தவர் நம்மவரான லயனல் வென்ட். றொபேர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் வாசகங்களையே அவர் படித்தார். நான்கு பகுதிகளாக அமைந்த அப்படத்தின் மூன்றாம் பகுதி மலைநாட்டில் ஓடும் புகையிரதத்தில் தொடங்குகிறது. வண்டி போகப் போக வாணிகத்தின் குரல்கள் எழும்புகின்றன. விலைப்பட்டியலும் கடிதமும் ஆங்கிலத்தில் ஒலிக்க, திரையில் நம் பெண்கள் கொழுந்து கொய்கின்றனர். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. 1935 இல் பிரசல்ஸ் விழாவில் முதற்பரிசு பெற்ற அப்படத்தின் அழகை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மௌனம் என்னைத் தொந்தரவு செய்கிறது.

இனி எங்கள் பாதையின் கதை. இலங்கையின் முதல் புகையிரதம் 1864 டிசெம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை ஓடிற்று. 1867 இல் கண்டியை அடைந்தது. மாத்தளைக்கு வந்தது 1880 இல். எல்லாம் கோப்பிக்காக. மலையில் விளைந்த கோப்பி மாட்டு வண்டிகளில் நாட்கணக்காகக் கீழிறங்கிய காலம் மாற வேண்டும் என்றே துரைமார் இப்பாதைகளைக் கேட்டார்கள். விதியின் விளையாட்டு, 1869 இல் கோப்பி இலையில் தோன்றிய துரு நோய் அதற்குள் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியிருந்தது. பாதை வந்து சில ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. தண்டவாளம் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் பயன்பட்டது.

இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, ஏறக்குறைய 150 மைல் காட்டுவழியாகத் தம்புள்ளை, நாலந்தை கடந்து நடந்தே மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியில் மாண்டவர் எத்தனையோ பேர். அவர்களுடைய நடை முடிந்த ஊரில்தான் புகையிரதப் பாதை வந்து நின்றது. இன்றும் வடக்கே அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. கோப்பி மூட்டைக்குப் பாதை போட்டவர்கள், கோப்பி பறிக்க வந்தவருக்குப் போடவில்லை. 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறந்த பின்னரே அக்கரையிலிருந்து வந்தோர் கரையிறங்கிய இடத்திலேயே புகையிரதம் ஏற முடிந்தது.

என் மனைவியாரின் முன்னோர் இவ்வாறு நடந்து வந்தவர்கள். இது குடும்பத்தில் வாய்வழியாக வரும் செய்தி. கடதாசி எதுவும் இல்லை. அவர் கொப்பி எடுத்த காரணம் எனக்கு அன்று மாலைதான் விளங்கிற்று.

வீட்டுக்கு வந்து படத்தை ஓட்டிப் பார்த்தோம். கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்தது ஒரு மின்னல். வத்தேகமையும் உக்குவளையும் வந்து போயின. தூரத்து மலைகள் அசையாமல் அழகாக நின்றன. மனிதர்களைக் காணவில்லை! காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வண்டி மணிக்கு 30 கிலோமீற்றர் ஓடினாலும் இரண்டு வினாடியில் 16 மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். பாதையருகே நிற்கும் ஒருவர் ஒரு படத்தில் சிக்கினால் அதிர்ஷ்டம். சிக்கினாலும் திரையில் அவர் வாழ்வு வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. வண்டி ஒரு நிலையத்தில் 2 நிமிடம் நின்றால் மட்டும் 60 படங்கள் கிடைக்கும். அதுவும் திரையில் இரண்டரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. தொலைவில் இருப்பது நிலைக்கிறது, அருகில் இருப்பது அழிகிறது.

“வரலாற்றுப் புத்தகமும் இப்படித்தானே?” என்றார் மனைவியார். நான் முப்பது ஆண்டுகளாக வரலாறு படிப்பிப்பவன். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய கொப்பியில் இருந்தவை இவை: தலையில் விறகுக் கட்டுடன் இரு பெண்கள், வண்டிக்கு வழிவிட்டு நின்றனர். லயத்து வாசலில் கிழவர் ஒருவர், கையுயர்த்தினார். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் மூவர் தண்டவாள ஓரமாக நடந்தனர், ஒருத்திக்குச் செருப்பில்லை. கோவிற் கொடி. துணி காயும் வேலி. வெற்று லயம், கூரையில்லை. இவ்வாறு 11 பக்கம். விடுமுறையில் சீருடை ஏன் என்று நான் கேட்டேன். பிரத்தியேக வகுப்பாக இருக்கலாம் என்றார். அந்த ஐயத்தையும் ஓரத்தில் குறித்துவைத்தோம்.

படத்தை மெதுவாக ஓட்டினால் என்ன என்று ஆராய்ந்தோம். பயனில்லை. இடையில் எடுக்காத படம் எடுக்காததுதான். அதை எக்கருவியும் மீட்டுத் தராது. அடுத்த முறை முழுப் பயணத்தையும் இடைவிடாது எடுத்து, பிறகு வேண்டுமானால் சுருக்கிக்கொள்வது என்று தீர்மானித்தோம். பிள்ளைகளுக்கும் அதையே முதல் விதியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கண்காட்சியன்று மண்டபத்தில் படத்தை ஓட்டினோம். அருகில் நின்று மனைவியார் தம் கொப்பியை வாசித்தார். பிள்ளைகளுள் தோட்டத்திலிருந்து வரும் ஒரு சிறுமி, தன் பாட்டி இருக்கும் லயம் எங்கே வருகிறது என்று கேட்டாள். படத்தில் தேடினோம், அகப்படவில்லை. கொப்பியில் தேடினோம், உக்குவளைக்கு அப்பால் ஒரு வரி இருந்தது. 90 வினாடி முடிந்து திரை வெளுத்தபோது மனைவியார் வத்தேகமையைக்கூட எட்டியிருக்கவில்லை. நான் படத்தை மீண்டும் முதலிலிருந்து ஓட்டச் சொன்னேன். அவர் வாசித்து முடிப்பதற்குள் எட்டுத் தடவை ஓட்ட வேண்டியிருந்தது.