ஆஸ்டின் நீரிணையில் ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்த பிறகு, நாடெங்கும் கால்வாய் வெட்டினார்கள். குறுக்கே கல்வளைவுப் பாலங்களும் எழுந்தன. அவற்றில் பல இன்றும் வண்டிகளைச் சுமக்கின்றன. ஒரு கல் அடுத்த கல்லை அழுத்த, அந்த அழுத்தத்திலேயே வளைவு நிற்கும். நிலம் பெரிதாகக் குலுங்காத நாட்டுக்கு அது போதும்.

அந்தமானில் நிலம் சும்மா இருப்பதில்லை. இந்தியத் தட்டு இந்தத் தீவுகளுக்கு அடியில் புதைந்துகொண்டிருக்கிறது. நிலநடுக்க வரைபடத்தில் இது மிக அதிக ஆபத்துள்ள மண்டலம்.

மத்திய அந்தமானையும் வடக்கு அந்தமானையும் பிரிப்பது ஆஸ்டின் நீரிணை. முன்பெல்லாம் திக்லிப்பூர் போகிறவர்கள் மாயாபந்தரில் படகேறி, காளிகாட்டில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்தார்கள். நோயாளியானாலும் காய்கறி மூட்டையானாலும் அதே வழிதான். அந்த அவதியைத் தீர்த்தது 268 மீட்டர் நீளக் கான்கிரீட் பாலம். செங்கப்பா பாலம் என்று ஊரார் அழைக்கிறார்கள். அந்தமான் பெருஞ்சாலை வடக்கே தொடர்வது இதன் மேல்தான்.

2002 செப்டம்பர் 14 அதிகாலை, திக்லிப்பூர் அருகே 6.5 ரிக்டர் நடுக்கம். பார்வையிட்ட கான்பூர் ஐஐடி பொறியாளர்கள் பாலத்தின் குறையைச் சுட்டிக்காட்டினார்கள். மேல்தளம் தூண்களின் மேல் தாங்கிகளில் உட்கார்ந்திருந்தது; பக்கவாட்டில் நகராமல் இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. சரிசெய்ய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது.

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே பெரும் நிலநடுக்கத்தில் தொடங்கிய நிலப்பிளவு அந்தமான் வரை வந்தது. வடமேற்கு அந்தமான் கரை உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. போர்ட் பிளேர் பக்கம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. பாலத்தின் நடுக் கண்களின் மேல்தளம் தாங்கிகளை விட்டு நழுவிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. தூண்கள் நின்றன, பாலம் உடையவில்லை. ஆனால் நிவாரணப் பொருள் ஏற்றிய லாரிகள் அவசியமாகத் தேவைப்பட்ட நாட்களில் இலகு வண்டிகளைத்தான் அனுமதிக்க முடிந்தது.

இதை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நகர்வைத் தடுக்கும் கட்டைகளும் இரும்புப் பிணைப்புகளும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பாலத்தின் மொத்தச் செலவில் அவை சிறு பங்கே. முன்கூட்டியே சொல்லப்பட்டும் செய்யாமல் விட்ட வேலை அது. தீவுகளில் இனி கட்டப்படும் ஒவ்வொரு பாலத்துக்கும் இந்தக் கணக்கை முதலில் கேட்க வேண்டும்.