உமரிக் கீரையும் உவர்நிலச் சீர்திருத்தமும்

உமரி கடலோர உவர்நிலங்களில் தானே முளைக்கும் பூண்டு. சுவேடா மாரிட்டிமா என்பது அதன் தாவரவியல் பெயர். சிறுகீரை, தண்டுக்கீரை அடங்கிய அமராந்தேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. பிச்சாவரம், முத்துப்பேட்டை, தூத்துக்குடிப் பகுதிகளின் கழியோரங்களில் மிகுதியாகக் காணப்படும். சிறிய, திரண்ட இலைகள். நசுக்கினால் கரிக்கும் சாறு கசியும். முதிரும்போது செடி சிவக்கும்.

உமரி உப்பை ஒதுக்கித் தள்ளுவதில்லை, உள்ளே வாங்கிச் சேர்த்துவைக்கிறது. மிதமான உப்பில், நன்னீரில் வளர்வதைவிடச் செழிப்பாகவே வளர்கிறது. ஆனால் அதன் நொதிகள் உப்பைத் தாங்குவன அல்ல. டி. ஜே. பிளவர்ஸ் உமரியையும் பட்டாணியையும் ஒப்பிட்டு 1972இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்குழாயில் இரண்டின் நொதிகளும் உப்புக்கு ஒன்றுபோலவே நலிந்தன. ஆகவே தாங்கும் திறன் நொதியில் இல்லை, உப்பை அடைத்துவைக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. செல்லின் பெரும்பகுதியை நிறைக்கும் வாக்குவோலுக்குள் உப்பு ஒதுக்கப்படுகிறது. எஞ்சிய சைட்டோபிளாசத்தில் கிளைசின் பீட்டெய்ன் போன்ற கரிமப்பொருள்கள் சேர்ந்து ஊடுபரவல் அழுத்தத்தை ஈடுகட்டுகின்றன.

சமையல்முறையின் காரணமும் இதுவே. இளந்தளிரை வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பருப்போடு கடைவதும் தேங்காய் சேர்த்துப் பொரிப்பதும் வழக்கம். கொதியில் செல்சவ்வு சிதைவதால் உப்பு நீரில் இறங்கிவிடுகிறது. இலைச்சாறு கடல்நீரின் செறிவை எட்டினால், 100 கிராம் பச்சைத் தழையில் ஏறத்தாழ 3 கிராம் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு வகுத்த வரம்பு 5 கிராம். எனவே உமரியை வடிக்காமல் உண்ணத் தகுந்த அன்றாடக் கீரையாகப் பரிந்துரைப்பது பொருந்தாது.

நிலத்தைத் திருத்தும் என்ற கருத்தையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு, உமரி 4 மாதத்தில் எக்டேருக்கு 504 கிலோ சோடியம் குளோரைடை அகற்றவல்லது என மதிப்பிட்டது. எண் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள கிணற்று நீரில் 168 கனமீட்டரே அவ்வளவு உப்பைக் கொண்டுவந்துவிடும். எக்டேரில் பரப்பினால் அது 17 மில்லிமீட்டர் உயரம்கூட வராது. ஒரே பாய்ச்சலில் நான்கு மாத உழைப்பு கரைந்துபோகும். ஆகையால் உவர்நீர் வரத்து நின்றுபோன நிலங்களில்தான் இம்முறைக்கு இடமுண்டு. கைவிடப்பட்ட இறால் பண்ணைகளும் 2004 ஆழிப்பேரலை புகுந்த வயல்களும் அத்தகையவை. அங்கும் மழை கழுவிச் செல்வதற்கு உமரி துணைதானே தவிர, மாற்றாகாது.

அறுத்த தழையை வெளியேற்றாவிட்டால் உப்பு மீண்டும் மண்ணுக்கே வந்துசேரும். 504 கிலோ உப்பைச் சுமக்கும் பச்சைத் தழை ஏறத்தாழ 17 டன். இதை அடுப்படி ஏற்காது. விதையின் நிலை வேறு. உமரியின் உறவினமான சாலிகார்னியா பிகெலோவி பற்றி 1991இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, கடல்நீர் பாய்ச்சி விளைந்த விதையில் 26 முதல் 33 விழுக்காடு எண்ணெய் இருப்பதையும் உப்பு மிகக் குறைவாக இருப்பதையும் காட்டியது. விதை நீங்கிய தட்டையை மட்டும் மற்றத் தீவனத்தோடு கலந்துதான் கால்நடைக்கு இட முடிகிறது.