வழுக்கிய வாரும் பற்றிய வாரும்

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதற் புகைவண்டி ஓடியது. பம்பாயின் இயந்திர வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவ்வண்டியிலேயே தொடங்குவர். நாமோ, அதற்கு மறு ஆண்டு கவாஸ்ஜி நானாபாய் தாவர் நிறுவிய பஞ்சாலையின் வழிவந்த ஆலைகளை அண்ணாந்து நோக்க விரும்புகிறோம். அக்கால ஆலைகளில் நீராவி எஞ்சினின் ஆற்றல் கூரையடியில் ஓடிய நீண்ட தண்டுகளை அடைந்து, அங்கிருந்து தோல்வார்களின் வழியே இயந்திரங்களுக்கு இறங்கிற்று.

அந்த வார் வழுக்கினால் உற்பத்தி குறையும். கதிரைச் சுழற்றும் சிறு வார் வழுக்கினாலோ முறுக்குத் தளர்ந்து நூலே வலுவிழக்கும். உராய்வில் தோல் கருகும். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் அவ்வெப்பம் அச்சத்திற்குரியது. கழன்ற வாரை, தண்டு சுழலும்போதே கப்பியில் மாட்ட முனைந்து கையிழந்தோர் பலர். இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டுமென்ற விதி 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இடம்பெற்றது வீணன்று.

மழைக்காலத்தில் தோல் ஈரமேறி நீளும். வறண்ட நாளில் சுருங்கும். தாராவியில் குடியேறிய நம் தமிழ்நாட்டுத் தோல் பதனிடுவோர்க்கு இஃது எவரும் கற்பிக்க வேண்டாத பாடம். நீண்ட வாரை வெட்டித் துளையிட்டு மீண்டும் தைப்பர். மிகுதியாக இறுக்கினால் தண்டின் தாங்கிகள் சூடேறும். பிசின்பொடி தூவுவதும் உண்டு. அது சிறிது நேரம் பற்றும், பின்னர் வாரின் முகத்தை வழவழப்பாக்கிக் கெடுக்கும். நம் கருத்தில் அது மருந்தன்று, மயக்கமே.

உண்மை மருந்தின் கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் அறிஞர் வகுத்தார். கப்பியை வார் எவ்வளவு தழுவுகிறதோ அவ்வளவு பிடி. இரும்புக் கப்பியின் அரைவட்டத்தைத் தழுவும் தோல்வாரில் இறுகிய பக்கத்தின் இழுவை, தளர்ந்த பக்கத்தினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வரை ஏறலாம். அதற்கு மேல் வழுக்கும். ஆகவேதான் தளர்ந்த பக்கத்தை மேலே வைத்தனர். அது தொய்ந்து கப்பியைக் கூடுதலாகத் தழுவும்.

1915இல் கோப்போலி நீர்மின் நிலையத்தின் மின்சாரம் பம்பாய் ஆலைகளுக்கு வந்தது. காலப்போக்கில் இயந்திரத்துக்கோர் மோட்டார் அமையவே, நீண்ட வார்கள் மறையலாயின. 1917இல் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் உருவாக்கிய ஆப்புவடிவ ரப்பர் வார் பள்ளத்துள் அமுங்கி ஓடுவது. 40 பாகைப் பள்ளத்தில் அதன் உராய்வுப் பிடி தட்டை வாரினும் ஏறக்குறைய மும்மடங்கு.

மோட்டார் வண்டிகளின் விசிறியைச் சுழற்றியதும் அவ்வாரே. ஆயினும் மண்தடப் பந்தயத்தில் அதற்கும் சோதனை உண்டு. சக்கரம் மண்ணில் சறுக்கியவுடன் எஞ்சின் வேகம் திடீரென ஏறும், புழுதியும் சேறும் பள்ளத்தில் படியும், வார் வழுக்கும், நீரேற்றி தளரும், எஞ்சின் கொதிக்கும். நீரேற்றிக்குப் பெரிய கப்பி இட்டால் அது மெல்லச் சுழல்வதால் வாரின் சுமை குறையும். பல்லுள்ள வாரோ உராய்வையே நம்புவதில்லை. ஆனால் பற்களிடையே ஒரு கல் சிக்கினால் வாரே வெளியே எறியப்படும். ஆதலால் அதற்கும் ஒரு மறைப்புத் தகடு பொருத்துகின்றனர்.