சென்னையில் வைத்திய உத்தியோகம்

வைத்தியம் படிக்க விழையும் மாணவ மாணவியர் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?" என்பதே. நியாயமான கேள்விதான். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லாத பட்டணத்தில் டாக்டருக்கும் தாதிக்கும் வேலைக்கு என்ன குறை என்று சிலர் எண்ணக்கூடும். சென்னையின் சரித்திரமோ வேறு விதமாக இருக்கிறது. இங்கே உத்தியோகங்களின் தொகையை நோய் நிர்ணயித்ததில்லை; சம்பளம் கொடுப்பவர் எவரோ அவரே நிர்ணயித்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1664-இல் ஜார்ஜ் கோட்டைக்குள் ஓர் ஆஸ்பத்திரி வைத்தனர். நோயுற்ற தங்கள் சிப்பாய்களின் பொருட்டு ஏற்பட்டது அது. 1772-இல் அது இன்றைய பொது மருத்துவமனை இருக்கும் இடத்தை அடைந்தது. அதன் அருகிலேயே 1835-இல் ஒரு வைத்தியப் பள்ளி தோன்றியது. பெரிய டாக்டர்களை உண்டாக்குவது அதன் நோக்கமன்று. சீமையிலிருந்து வந்த டாக்டர்களுக்குக் கீழே நின்று மருந்து கலக்கவும் கட்டுக் கட்டவும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1850-இல் அப்பள்ளி கல்லூரியாயிற்று. ஆயினும் மேல் உத்தியோகங்கள் இந்திய மெடிக்கல் சர்வீஸ்காரர்களின் கையிலேயே இருந்தன. அந்த சர்வீஸுக்கு 1855 முதல் போட்டிப் பரீட்சை வந்தது. இந்தியரும் எழுதலாம் என்றார்கள். ஆனால் பரீட்சை நடந்த இடம் இலண்டன்! வங்காளத்தைச் சேர்ந்த சூர்யகுமார் சக்கரவர்த்தி அவ்வாண்டிலேயே அதில் தேறினார் என்பது வியப்புக்குரியது. கப்பற் செலவுக்கு வழியில்லாத எத்தனையோ பேர் கீழ்ப்படிகளிலேயே நின்றுவிட்டனர்.

இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி பெண்களைப் பற்றியது. மேரி ஷார்லிப் என்னும் அம்மையார் சென்னையில் வழக்கறிஞராயிருந்த ஒருவரின் மனைவி. ஆண் வைத்தியர் அண்ட முடியாத வீடுகளில், பிரசவ காலத்தில் பெண்கள் படும் வேதனையை அவர் அறிந்தார். முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் பயின்றார்; பின்னர், 1875-இல், வேறு மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகமோ 1878-இல்தான் பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்தது. கல்கத்தாவில் இடம் கிடைக்காத அபலா தாஸ் என்ற வங்கப் பெண்மணியும் 1882-இல் இங்கே படிக்க வந்தார். பிற்காலத்தில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் துணைவியாரானவர் அவரே. இதனைச் சென்னைத் துரைமார்களின் தாராள மனம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அப்படி முழுதும் தோன்றவில்லை. ஆண்களால் செய்ய இயலாத வேலை ஒன்று காத்திருந்தது; அதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஷார்லிப் அம்மையார் 1885-இல் நிறுவிய கோஷா ஆஸ்பத்திரியே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. 1912-இல் முத்துலட்சுமி அம்மையார் பட்டம் பெற்றபோது, அவர் நடந்த பாதையில் ஏற்கெனவே சிலருடைய அடிச்சுவடுகள் இருந்தன.

சுகாதார இலாகா இந்திய மந்திரிகளின் கைக்கு வந்தபின், 1920-களில், வெளியே தொழில் செய்துவந்த டாக்டர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கௌரவ உத்தியோகம் அளிக்கும் ஏற்பாடு பிறந்தது. முழுச் சம்பளம் இல்லை. பெயர் உண்டு, அனுபவம் உண்டு. வசதியுள்ளவர்க்கு அது பொருந்திற்று. சென்னை மருத்துவக் கல்லூரிக்கு இந்தியர் ஒருவர் முதல்வராக வருவதற்கோ 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் லட்சுமணசாமி முதலியார்.

தாதியரைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். பொது ஆஸ்பத்திரியில் 1871-இலேயே தாதியர் பயிற்சி தொடங்கிற்று. எனினும் இரவில் வெளியே தங்குவதும், அந்நியர் உடலைத் தொடுவதும் நம் குடும்பங்களுக்கு நெடுங்காலம் ஒவ்வாமலிருந்தன. கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களுமே பெரும்பாலும் முன்வந்தனர். 1946-இல் வெளியான போர் கமிட்டி அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர் என்றும், 43,000 பேருக்கு ஒரு தாதி என்றும் கணக்கிட்டது. இரண்டாவது எண்ணைச் சற்று நின்று பாருங்கள்.

பின்னர் நிலை தலைகீழாயிற்று. 1983-இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனை திறக்கப்பட்டது முதல் தனியார் ஆஸ்பத்திரிகள் பெருகின. பயிற்சி பெற்ற பெண்களும் ஆயிரக்கணக்கில் பெருகினர். அரசாங்கம் 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்தது. 2015-இல் வாரியத்தின் பரீட்சையில் தேறிய செவிலியர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணிக்கு அமர்த்தப்பட்டனர்; இரண்டாண்டுகளில் நிரந்தரமாகும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அது நிறைவேறாமையால், 2017 நவம்பர் இறுதியில், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து கூடி உட்கார்ந்தனர். அவர்களுட் சிலர் கைக்குழந்தைகளோடு வந்திருந்தனர். உயர்நீதிமன்றம் தடை விதித்தபின் அவரவர் வார்டுகளுக்குத் திரும்பினார்கள். அங்கே நோயாளிகள் குறையவில்லை.