பன்னிருவர் மன்றம்

மன்றத்தைத் தொடங்குதல் எளிது. அதனைக் கலையாமல் காத்தலே அரிது. தொடக்க விழாவன்று மண்டபம் நிறைந்திருக்கும். ஓராண்டு கழிந்தபின் தலைவரும் செயலாளருமே எஞ்சி நிற்பர். இந்நிலை எந்நாட்டிற்கும் பொது. ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தோன்றிய சிறு மன்றம் ஒன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்து நின்றது. அதன் பெயர் ஜன்ட்டோ. நிறுவியவர் பெஞ்சமின் பிராங்ளின். அது நிலைத்தமைக்குரிய காரணங்கள் மன்றம் நடத்துவோர் அனைவரும் எண்ணத் தக்கவை.

1727ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மன்றம் தோன்றியபோது பிராங்ளினுக்கு வயது 21. பிற்காலத்தில் அறிவியலிலும் அரசியலிலும் அவர் பெற்ற பெரும்புகழ் அன்று இல்லை; அவர் அச்சுத் தொழிலாளி. அவருடைய தோழர்களும் அத்தகையோரே. பிரெய்ன்ட்னல் பத்திரங்களைப் படியெடுத்துக் கொடுப்பவர், கவிதையில் பற்றுடையவர். காட்பிரே கண்ணாடி பதிக்கும் தொழிலாளி. கணிதத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். ஸ்கல் நில அளவையாளர். பார்சன்ஸ் செருப்புத் தைக்கக் கற்றவர். மாக்ரிட்ஜ் தச்சர். கோல்மன் வணிகர் ஒருவரிடம் கணக்கர். ராபர்ட் கிரேஸ் செல்வமுடைய இளைஞர். தொழிலாலும் பொருளாலும் வேறுபட்ட இவர்களைக் கற்கும் ஆர்வமே பிணைத்தது. அக்கால வழக்கப்படி பெண்களுக்கு அங்கு இடமில்லை என்பதும் குறிக்கத் தக்கது.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர்கள் கூடினர். முதலில் ஒரு மதுக்கடையிலும், பின்னர்க் கிரேஸ் அளித்த ஓர் அறையிலும் கூட்டம் நடந்தது. ஒழுக்கம், அரசியல், இயற்கை நூல் ஆகியவை பற்றி ஒவ்வொருவரும் முறைவைத்து வினா எழுப்ப வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தாமே எழுதிய கட்டுரையைப் படிக்க வேண்டும். இவற்றுடன் 24 நிலையான வினாக்களும் இருந்தன. அண்மையில் படித்த நூலில் குறிப்பிடத்தக்கது யாது? நகரில் தொழில் நொடித்தவர் யார், காரணம் என்ன? ஊக்குவிக்கத் தக்க இளந்தொழிலாளர் எவரேனும் உளரா? இவ்வகை வினாக்கள் அவை. எனவே, வந்து கேட்டுவிட்டுப் போகும் அங்கத்தினர் என ஒருவரும் இலர். வருகிறவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. வராதவரின் இடம் வெறுமையாகத் தெரிந்தது.

கூட்டங்களைக் கலைப்பவற்றுள் முதன்மையானது நாவே. இதனைப் பிராங்ளின் நன்கு உணர்ந்திருந்தார். வெற்றி பெறுவதற்காக அன்றி உண்மையை அறிவதற்காகவே வாதம் நிகழ வேண்டும் என்பது விதி. தம் கருத்தே முடிந்த முடிபு என அடித்துப் பேசுவதும், பிறர் கூற்றை நேர்முகமாக மறுப்பதும் நாளடைவில் விலக்கப்பட்டன. மீறியவர் சிறு தண்டம் செலுத்தினர். காட்பிரே பெருங்கணிதர், ஆயினும் பிறர் சொல்லும் ஒவ்வொரு சொல்லிலும் கணிதத்தின் நுட்பத்தை எதிர்பார்த்துச் சிறு பிழைகளையும் மறுத்து வந்தார். அவர் விரைவில் மன்றத்தை விட்டு நீங்கினார். அறிவு மிகுதி ஒன்றே கூடி வாழப் போதாது என்பதற்கு இது சான்று.

இவ்வாறு வளர்ந்த நட்பு சொல்லளவில் நிற்கவில்லை. பிராங்ளின் தம் அச்சகத்தைக் கடனுக்கு இழக்கும் நிலைக்கு வந்தபோது, கோல்மனும் கிரேஸும் ஒருவர் அறியாமல் ஒருவர் தனித்தனியே வந்து பொருளுதவி செய்ய முன்வந்தனர். அவ்வுதவியே அவரை நிலைநிறுத்தியது.

மன்றத்தின் புகழ் பரவவே, புதியவரைச் சேர்க்கும் விருப்பம் எழுந்தது. அங்கத்தினர் தொகையோ பன்னிரண்டு என வரையறுக்கப்பட்டிருந்தது. தகாதவர் வந்து கேட்டால் மறுப்பது கடினம் என்பதால் மன்றமே மறைவாக நடந்தது. தொகையைக் கூட்டுவதைப் பிராங்ளின் எதிர்த்தார். மாற்றுவழி ஒன்றும் கூறினார். அங்கத்தினர் ஒவ்வொருவரும் அதே விதிகளுடன் தனித்தனியே ஒரு கிளை மன்றம் அமைக்கலாம்; ஆனால் தாய் மன்றத்துடன் உள்ள தொடர்பை அங்கே வெளியிடலாகாது என்றார். அவ்வாறு ஐந்தாறு கிளைகளே முற்றுப்பெற்றன. எனினும் கருத்து வெற்றி பெற்றது. 1736இல் அவர் அமைத்த தீயணைப்புக் கழகத்திலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. முப்பதின்மர் சேர்ந்தபின் வந்தோர், வேறொரு கழகம் அமைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டனர். அவ்வாறே கழகங்கள் பெருகின. மறைவான கிளைகள் நகரின் பொதுவாழ்வில் செல்வாக்குப் பெறவும் பயன்பட்டன. நெருங்கிய குழு கட்சியாக மாறக்கூடிய இடமும் இதுவே.

மன்றம் தோல்வியும் கண்டது. அங்கத்தினர் தத்தம் நூல்களைக் கூட்ட அறையில் பொதுவாக வைத்தனர். பேணுவார் இன்மையால் ஏறத்தாழ ஓராண்டில் அவரவர் நூலை அவரவர் எடுத்துச் சென்றனர். இத்தோல்விக்குப் பின்னரே 1731இல் ஒரு சந்தா நூல்நிலையத் திட்டம் உருவாயிற்று. முதலில் ஐம்பதின்மர் சேர்ந்தனர். தொடக்கத்தில் ஆளுக்கு 40 ஷில்லிங், பின்னர் ஆண்டுதோறும் 10 ஷில்லிங் செலுத்த இசைந்தனர். நட்பின் பேரில் மட்டும் விடப்பட்ட பொதுப்பொருள் சிதறியது. கட்டணமும் பொறுப்பும் வகுக்கப்பட்டபின் அதுவே நிலைத்தது. அந்நூல்நிலையம் பிலடெல்பியாவில் இன்றும் உள்ளது.

1764இல் பென்சில்வேனியாவில் நிகழ்ந்த தேர்தல் பூசல் பழைய நண்பர்களையும் பிரித்தது. மறு ஆண்டு இலண்டனிலிருந்து ஹியூ ராபர்ட்ஸ் என்னும் நண்பருக்குப் பிராங்ளின் மடல் எழுதினார். அரசியல் வேற்றுமையின் சாயல் மன்றத்தில் தென்பட்டாலும், அங்கே செல்வதை நிறுத்த வேண்டாம் என வேண்டிக்கொண்டார். இளமையில் கூடியவர்கள் நரைத்துவிட்டனர், சிலர் மறைந்துவிட்டனர். தொகையும் விதியும் மன்றத்தை அத்துணைக் காலம் காத்தன. அதற்குமேல் காப்பது, மனக்கசப்பு உண்டான வாரத்திலும் வெள்ளிக்கிழமை மாலை அவ்வறைக்கு நடந்து செல்லும் அங்கத்தினரின் கால்களில் இருந்தது.