தலைவர் பதவியும் இரண்டாவது கையொப்பமும்

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி ஊராட்சி உறுப்பினர் இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்கியது. அதைப் பொறுக்காத சாதி ஆதிக்கம், 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தோரையும் படுகொலை செய்தது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தலித் தலைவர் எவரும் பணியாற்ற விடப்படவில்லை.

இன்று தடை வேறு வடிவம் எடுத்துள்ளது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத் தலைவரையோ வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கின்றனர். அப்பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆனால் ஊராட்சிக் காசோலையில் இருவரும் கையொப்பமிட வேண்டும். துணைத் தலைவர் மறுத்தால் குடிநீர்க் குழாய் பழுதுபார்ப்புக்கும் பணம் எடுக்க இயலாது. பதவி தலித்திடம் இருக்க, அதிகாரம் ஆதிக்க சாதியிடமே தங்கிவிடுகிறது.

இதனை எதிர்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்களே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபையில் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். முடங்கிய பணிகளைத் தீர்மானமாகப் பதியச் செய்யலாம். அத்தீர்மானத்துடன், ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். தலித் தலைவரை மிரட்டியோ தடுத்தோ கடமையாற்ற விடாதிருப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்) படி குற்றம்.

கையொப்பம் மறுக்கப்பட்ட ஒவ்வொரு நாளையும் எழுத்தில் பதிவு செய்யுமாறு தலைவர்களை வலியுறுத்துகிறோம். வாய்மொழிப் புகார் ஊரோடு அடங்கிவிடும். எழுதப்பட்ட புகாரே நீதிமன்றத்தில் சான்றாகும்.